ட்ரெட்மில்லில் நடந்தபடியே விஆர் (மெய்நிகர் காட்சி) விளையாட்டுக்குள் நடக்க முடியுமா?

செங்கோட்டை டீச்சர் (ஜூன் 16):

வணக்கம். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. தினமும் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. விடிந்ததும் குண்டாறு அணைக்குப் போகும் சாலையில் நடப்பேன். ஜூன் பிறந்ததும் சாரல் இறங்கிவிட்டது. கணவாய்க் காற்று குடையைத் திருப்பிப் போடுகிறது. போன வாரம் பாசி பிடித்த கல்லில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன்.

மகன் வாங்கி வைத்த ட்ரெட்மில் முன்னறையில் இருக்கிறது. எதிரே சுவர், சுவரில் ஒரு நாள்காட்டி. எட்டாவது நிமிடத்தில் மனம் இறங்கிவிடுகிறது.

நடப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். அப்பா ரயில்வேயில் கேங்மேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மீட்டர் கேஜ் பாதையோரமாகப் பகவதிபுரம்வரை நடந்திருக்கிறேன். வெயிலில் கட்டைகளிலிருந்து கிளம்பும் தார் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. 2010இல் அந்த ரயில் நின்றது, 2018இல் அகலப்பாதை வந்தது. இனி அந்த ஓரத்தில் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது.

மகன் பெங்களூருக்குப் போகும்போது குவெஸ்ட் 2 என்ற, தலையில் மாட்டிக் கண்ணை மறைக்கும் விஆர் ஹெட்செட்டை விட்டுச் சென்றான். அதில் ஒரு காட்டுப் பாதை விளையாட்டு இருக்கிறது. மரங்களும் ஓடையுமாகப் பார்த்தவுடன் மனம் ஒட்டிக்கொண்டது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலால் கைக்கருவியின் குச்சியைத் தள்ளி நடந்தபோது ஐந்து நிமிடத்தில் வாயில் நீர் ஊறிக் குமட்டிவிட்டது. உண்மையில் கால் நடந்தால் இந்தக் குமட்டல் குறையுமா? ட்ரெட்மில் ஓடினால் விளையாட்டும் தானாக நகரும்படி இணைக்க முடியுமா? கண்ணை மூடிய மாதிரி ஓடுகிற பட்டைமேல் நிற்பது இந்த வயதில் சரியா? நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள்.

தென்மலை எலக்ட்ரீஷியன்:

டீச்சரம்மா, இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஒரு முறை விழப் பார்த்தேன், அதிலிருந்து தொடங்குகிறேன்.

போன ஜூலையில் மழை இரவு. கையில் பிடிப்பில்லாமல் மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்தேன். எங்கேயோ மரம் விழுந்து மின்சாரம் போய்விட்டது. ஹெட்செட் பேட்டரியில் ஓடுகிறது, அதற்கு இது தெரியாது. கட்டைவிரல் குச்சியின்மேலேயே இருந்ததால் கண்ணெதிரே காடு நகர்ந்துகொண்டே இருந்தது, காலடியில் பட்டை மட்டும் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் பாய்ந்து நெஞ்சு கம்பியில் மோதியது. அன்றிலிருந்து ஒரு கை கைப்பிடிக் கம்பியை விடுவதே இல்லை, வேகமும் இரண்டரையைத் தாண்டுவதில்லை. இதற்காக வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடாதீர்கள். 2 எச்பி மோட்டார் என்றாலே ஏறக்குறைய 1,500 வாட், சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது.

குமட்டலைப் பற்றி: நடக்கிறோம் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். பட்டைமேல் நடந்தால் தலை ஏறி இறங்கும், கால் உழைக்கும், எனவே பலருக்குக் குறைகிறது. எனக்கும் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகாது, ஏனென்றால் நீங்கள் நின்ற இடத்திலேயேதான் இருக்கிறீர்கள். குச்சியால் வழவழவென்று திரும்பும்போதுதான் மோசமாக இருக்கும். அமைப்பில் படிப்படியாகத் திரும்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள், ஒரு தள்ளலுக்கு 30 அல்லது 45 டிகிரி திரும்பும்.

தானாக இணைக்க முடியும், கணினி வேண்டும். ட்ரெட்மில்லின் முன் உருளையில் சின்னக் காந்தம் ஒட்டி, பக்கத்தில் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) வைத்தேன். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துடிப்பு. உங்களுக்குப் பிடித்த கணக்கு: உருளை விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 14.1 செண்டிமீட்டர், மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய ஆறு துடிப்பு. அதை ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை எண்ணி, ஜாய்ஸ்டிக் எவ்வளவு தள்ளப்பட்டது என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி இல்லாமல் ஹெட்செட்டிலேயே ஓடுகிற விளையாட்டுகள் பெரும்பாலும் தங்கள் கைக்கருவியை மட்டுமே கேட்கும். எனவே உங்களுக்கு இது வேண்டாம். இடது கையில் கைக்கருவி, வலது கை கம்பியில். பட்டை ஓடட்டும், நீங்கள் குச்சியைப் பாதி மட்டும் தள்ளுங்கள். கையை வீசினால் நகரும் விளையாட்டுகளும் உண்டு, அவற்றைத் தொடாதீர்கள். இரண்டு கையும் கம்பியை விட்டுவிடும்.

எதிரே ஒரு மேசை விசிறி வையுங்கள். முகத்தில் காற்று படும் திசைதான் முன்பக்கம் என்று உடம்பு தெரிந்துகொள்ளும். சாரல் ஈரத்தில் லென்ஸ் பனி பூக்காமலும் இருக்கும். கழன்றால் பட்டையை நிறுத்தும் பாதுகாப்புச் சாவியின் கயிற்றை இடுப்பில் மாட்டுங்கள். புடவையோடு ஏறவே ஏறாதீர்கள், முந்தானை உருளைக்குள் போனால் விபரீதம். மூக்குக்கண்ணாடிக்கென்று பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வந்திருக்கும், அதைப் பொருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயில் லென்ஸ் வழியாக உள்ளே விழுந்தால் திரை கருகிவிடும்.

மூணாறு வாசகன்:

கிண்ணம்போல இருக்கும் மேடை ஒன்று உண்டே? இடுப்பில் வளையம் மாட்டிக்கொண்டு எந்தத் திசையிலும் நடக்கலாம். விர்ச்சுவிக்ஸ் ஓம்னி 2013லேயே மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கியது. டிஸ்னிகூட 2024 ஜனவரியில் ஹோலோடைல் என்ற நகரும் தரையைக் காட்டியது.

தென்மலை எலக்ட்ரீஷியன்:

அந்தக் கிண்ணத்தில் நடப்பதில்லை தம்பி, வழுக்கும் காலணி போட்டுக் காலைச் சறுக்குவது. டீச்சரம்மாவுக்கு வேண்டியது நடை.

கொழிஞ்சாம்பாறை பிசியோ:

டீச்சர், கருவியைவிட உங்கள் பாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பதினோரு வருடச் சர்க்கரை என்றால் பாத நரம்பைச் சோதித்தீர்களா? 10 கிராம் இழை என்று ஒரு நைலான் நூல், அதைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை. கண்ணை மறைத்துவிட்டால் சமநிலைக்கு மீதி இருப்பது உள்காதும் பாதமும்தான். பாதம் மரத்திருந்தால் பட்டை எங்கே முடிகிறது என்று கால் சொல்லாது.

ட்ரெட்மில்லோடு மெய்நிகர் காட்சியைச் சேர்ப்பது நல்ல யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 60 முதல் 90 வயதுவரை உள்ள 302 பேரை எடுத்துக்கொண்டார்கள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். ட்ரெட்மில்லோடு காட்சியும் சேர்த்துப் பழகியவர்கள், வெறும் ட்ரெட்மில்லில் நடந்தவர்களைவிட அடுத்த ஆறு மாதங்களில் குறைவாகவே விழுந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் ஹெட்செட் போடவில்லை. எதிரே பெரிய திரை, உடம்பில் பாதுகாப்புப் பட்டை. தங்கள் காலே அந்தத் திரையில் தெரிந்தது. உங்களுக்கும் அதையே முதலில் சொல்வேன்: நாள்காட்டியை எடுத்துவிட்டு அந்தச் சுவரில் டிவியை மாட்டி, விளையாட்டை அதில் பார்த்து நடங்கள். ஹெட்செட் பிறகு. வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். காலில் ஷூ, கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரை. சர்க்கரை இறங்கிப் படபடப்போ வேர்வையோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

செங்கோட்டை டீச்சர் (ஜூலை 9):

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

முதலில் பட்டையின் வேகத்தைச் சரிபார்த்தேன். சாக்பீசால் ஒரு கோடு போட்டேன். பட்டையின் முழுச் சுற்று 280 செண்டிமீட்டர். இருபது சுற்றுக்கு 84 நொடி. அதாவது மணிக்கு 2.4 கிலோமீட்டர், திரையில் காட்டியது 2.5. இந்தச் சின்ன வித்தியாசம் போகட்டும்.

முதல் பத்து நாள் டிவியில் பார்த்தே நடந்தேன். பதினோராம் நாள் தங்கை வந்து பக்கத்தில் நின்றாள், ஹெட்செட் போட்டேன். தென்மலைத் தம்பி சொன்ன விசிறிதான் பெரிய உதவி. முகத்தில் காற்று பட்டவுடனேயே பயம் பாதி போய்விட்டது. குச்சியைப் பாதிக்குச் சற்றுக் கீழே தள்ளியபோது என் அடியும் காட்டுப் பாதையும் ஒன்றாக நகர்ந்தன. ஓடைமேல் மரப்பாலம் வந்தது. பலகைகளுக்கு இடையே தண்ணீர் தெரிந்தது, கால் தானாக அடியைக் குறுக்கிக்கொண்டது. குமட்டல் வரவில்லை. திரும்பும்போது மட்டும் லேசாக ஒரு தள்ளாட்டம்.

பாதச் சோதனையும் செய்தேன். வலது காலில் குறை இல்லை. இடது கால் பெருவிரலுக்கு அடியில் இழை பட்டது எனக்குத் தெரியவில்லை, இரண்டு முறையும் தெரியவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், தினமும் இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதனால் ஹெட்செட்டோடு எட்டு நிமிடம், தங்கை இருக்கும் நாளில் மட்டும், வேகம் இரண்டு. மீதி முப்பத்திரண்டு நிமிடம் டிவியைப் பார்த்து நடக்கிறேன். கொழிஞ்சாம்பாறை அம்மா, சாரல் நின்றபிறகு குண்டாறு சாலையில் நடக்க எந்த மாதிரி ஷூ வாங்கவேண்டும் என்று சொல்லுங்கள்.