கடனை இஸ்லாமிய வங்கிக் கணக்குக்கு மாற்றினால் பங்கு வாங்க ஆள் கூடுமா?

கிள்ளான்_கணக்கர்:
வணக்கம். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு மலேசியப் பங்குச்சந்தையான புர்சாவில், வளரும் கம்பெனிகளுக்கான ஏஸ் சந்தையில் பங்கை இறக்கத் தவ்கே (எங்கள் முதலாளி) முடிவு செய்துவிட்டார். மொத்தச் சொத்து 120 மில்லியன் ரிங்கிட், வட்டிக்கடன் 46 மில்லியன். ஷரியா பட்டியலில், அதாவது இஸ்லாமிய நெறிக்கு ஏற்ற பங்குகளின் பட்டியலில், இடம் கிடைக்காது என்கிறார் ஆலோசகர். "நாம் பெட்டிதானே செய்கிறோம், சாராயமா காய்ச்சுகிறோம்?" என்று தவ்கே கேட்கிறார். பட்டியலில் இருந்தால் உண்மையிலேயே முதலீட்டாளர்கள் கூடுவார்களா?

பழைய_வங்கிக்காரன்:
தம்பி, தொழில் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. வட்டிக்கடன் மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 2013 நவம்பரிலிருந்து இதுதான் விதி. உங்களுடையது 38. ஆனால் வட்டியில்லாத இஸ்லாமிய முறைக் கடனும், ‘சுக்குக்’ எனும் இஸ்லாமியப் பத்திரங்களும் இந்தக் கணக்கில் சேராது. 12 மில்லியனை மாற்றினாலே 28க்கு இறங்கிவிடும். கடன் பாரம் ஒரு சென்கூடக் குறையாது என்பது வேறு விஷயம். ஐந்தொகையை (சொத்து, கடன் கணக்கை) படிக்கத் தெரிந்தவன் அதில் ஏமாற மாட்டான்.

ஆள் கூடுமா என்றால், நான் வேறு மாதிரி பார்க்கிறேன். புர்சாவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு கம்பெனிகள் பட்டியலில் இருக்கின்றன. உள்ளே இருப்பது பெருமையே இல்லை, வெளியே நிற்பதுதான் சங்கடம். ஹஜ் பயணச் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜி, ஷரியா யூனிட் டிரஸ்டுகள் (கூட்டு முதலீட்டு நிதிகள்), தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் 2017இல் தொடங்கிய ஷரியா சேமிப்பு, இவர்கள் யாரும் உங்கள் பங்கைத் தொடவே மாட்டார்கள். சின்னக் கம்பெனிக்கு அது பெரிய இழப்பு.

அப்புறம், நிரந்தர வைப்பு எவ்வளவு? அதன் வட்டியை விற்பனையோடு மட்டுமல்ல, வரிக்கு முந்தைய லாபத்தோடும் ஒப்பிடுவார்கள். 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நான் பார்த்த வரையில் பலர் வழுக்குவது இங்கேதான்.

கிள்ளான்_கணக்கர்:
அண்ணே, வைப்பு 9 மில்லியன், வட்டி 2,70,000 வருகிறது. லாபம் 6 மில்லியன். 4.5 விழுக்காடு!

பழைய_வங்கிக்காரன்:
பார்த்தீர்களா. காகித விலை ஏறி லாபம் 5 மில்லியனுக்கு வந்தால் 5.4 ஆகிவிடும், பட்டியலை விட்டு வெளியே. முதிர்வு வந்ததும் இஸ்லாமிய வைப்புக்கு மாற்றுங்கள், செலவில்லாத வேலை. கடனை மாற்றத்தான் வக்கீல் கட்டணம், முன்கூட்டி அடைக்கும் அபராதம் எல்லாம் உண்டு. முதலில் அதைக் கணக்குப் போடுங்கள்.

பினாங்கு_பாய்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்துவிட்டுப் பிறகு விழுந்தால் வலி அதிகம். பட்டியல் மே, நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைகளில் வரும். என் கையில் இருந்த ஒரு பங்கு அப்படி விழுந்தது. 1.20க்கு வாங்கியது, அன்று 1.34. வாங்கிய விலைக்கு மேல் இருந்தால் ஷரியாவைப் பின்பற்றும் என் போன்றவர் விற்றாக வேண்டும். இழுத்தடித்தால், பட்டியல் வந்த அன்றைய விலைக்கு மேல் வரும் லாபம் தர்மத்துக்குப் போகும். விலை கீழே இருந்தால் முதல் திரும்பும்வரை வைத்திருக்கலாம். என்னைப் போல் எல்லாரும் ஒரே காலையில் விற்க வந்தார்கள். 1.27தான் கிடைத்தது. அந்தக் கம்பெனி பிறகு திரும்ப உள்ளே வந்தது, நான் வாங்கவில்லை.

மண்ணடி_வாசகர்:
சென்னையில் இருந்து பார்க்க ஆச்சரியம்தான். இங்கே டாடா எத்திகல் ஃபண்ட் என்று ஷரியா முறை நிதி இருக்கிறது, நிஃப்டி 50 ஷரியா என்று குறியீடும் உண்டு. ஆனால் அதற்காக ஒரு கம்பெனி கடனை மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கிள்ளான்_கணக்கர்:
அனைவருக்கும் நன்றி. வைப்பை மாற்றத் தவ்கே உடனே சரி என்றார். கடன் விஷயத்தில், வங்கி நம் சார்பில் செம்பனை எண்ணெயை வாங்கி விற்கும், அதில்தான் பணம் வரும், அதற்குப் புர்சாவிலேயே சூக் அல்-சிலா என்று சந்தை இருக்கிறது என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எண்ணெயை இங்கே கொண்டுவந்து இறக்க மாட்டார்களே? கிடங்கில் இடமில்லை" என்றார்.