மின்னூட்ட அலையும் மீக்கடத்தலும்: 67 கெல்வினில் நடப்பது போட்டியா இல்லையா?

சுழிக்கெல்வின்:
"குப்ரேட்களில் மின்னூட்ட அடர்த்தி அலையும் மீக்கடத்தலும் அண்ணன் தம்பி, போட்டி என்பது கட்டுக்கதை" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. குப்ரேட் என்பது காப்பர் ஆக்சைடுத் தளங்கள் அடுக்கடுக்காக அமைந்த சேர்மம். மீக்கடத்தல் என்றால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவது. மின்னூட்ட அடர்த்தி அலை என்றால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடி, அடுத்த இடத்தில் குறைந்து, சீராக அடுக்கிக்கொள்வது. யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற குப்ரேட்டில் 2012இல் வெளியான எக்ஸ் கதிர் அளவீட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 135 கெல்வினில் அலை தலைகாட்டுகிறது. குளிரக் குளிர வலுக்கிறது. 67 கெல்வினில் மீக்கடத்தல் தொடங்கியதும் இறங்கத் தொடங்குகிறது. 17 டெஸ்லா காந்தப்புலத்தால் மீக்கடத்தலை நலியச் செய்தால் அலை மீண்டும் எழுகிறது. இது போட்டி இல்லையென்றால் வேறு எது போட்டி?

பட்டைக்காரன்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 67இல் அலை இறங்குகிறது, மறையவில்லை. இரண்டும் ஒரே படிகத்தில் உடனிருக்கின்றன. 1986இல் பெட்னோர்ட்ஸும் மியுல்லரும் உயர்வெப்ப மீக்கடத்தலுக்குக் கதவைத் திறந்த லாந்தனம் பேரியம் குப்ரேட் குடும்பத்துக்கு வாருங்கள். துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், ஒரு காப்பர் அணுவுக்கு எட்டில் ஒன்றாகும்போது 54 கெல்வினில் மின்னூட்டப் பட்டைகள், அதாவது வரிவரியாகக் கிடக்கும் மின்னூட்ட அலை, ஒழுங்காகின்றன. 40 கெல்வினை ஒட்டி, அந்தப் பட்டைகள் இருக்கும்போதே, தளத்துக்குள் மின்தடை சரிகிறது. எதிரியின் வீட்டுக்குள்ளேயா மீக்கடத்தல் பிறக்கும்?

கோட்பாட்டு மாணவி:
முதலில் 'போட்டி' என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரே எலக்ட்ரான்களுக்கான இழுபறியையா, வெவ்வேறு மூலத்திலிருந்து பிறந்ததையா? மூலம் ஒன்றாக இருந்தும் இரண்டு ஒழுங்குகள் ஒன்றையொன்று நசுக்கலாம்.

சுழிக்கெல்வின்:
அதே எட்டில் ஒன்றில் முழுப்படிகமும் மீக்கடத்தியாக 4 கெல்வின் வரை இறங்க வேண்டியிருக்கிறது. அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்! துளைகளைச் சற்றுக் குறைத்தாலே 30 கெல்வினைத் தாண்டுகிறதே, பட்டை உறைந்த இடத்தில் மட்டும் ஏன் இந்தப் பள்ளம்? பிஸ்மத் குப்ரேட்டில் 2002இல் வருடு ஊடுருவு நுண்ணோக்கி (STM) காட்டியதும் இதுதான். காந்தப்புலம் மீக்கடத்திக்குள் நுழையும் காந்தச் சுழல்களைச் சுற்றி, மீக்கடத்தல் நலிந்த இடத்தில், நான்கு அணு இடைவெளிக்கு ஒரு கட்டமாக எலக்ட்ரான்கள் ஒழுங்கு பெறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேல் 67. அங்கே இறங்குகிறதா இல்லையா?

நியூட்ரான்:
2002, 2012 என்று அடுக்குகிறீர்களே, 1995இல் நியோடிமியம் கலந்த லாந்தனம் ஸ்ட்ரான்சியம் குப்ரேட்டில் பட்டைகளை முதலில் காட்டியது நியூட்ரான் சிதறல். எக்ஸ் கதிர்க்காரர்கள் எப்போதும் அந்தப் பெருமையை மறைத்துத்தான் பேசுவார்கள்.

சுழிக்கெல்வின்:
யார் முதலில் பார்த்தது என்பதா இப்போது கேள்வி? சென்ற முறை ஹைட்ரைடு மீக்கடத்திகள் பற்றிய பேச்சையும் இப்படித்தான் திசை திருப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

நியூட்ரான்:
அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை. நானும் மறக்கவில்லை.

பட்டைக்காரன்:
4 கெல்வினுக்குக் காரணம் பகை இல்லை. அடுத்தடுத்த தளங்களில் பட்டைகள் 90 பாகை திரும்பிக் கிடக்கின்றன. மீக்கடத்தலைச் சுமக்கும் எலக்ட்ரான் சோடிகளான கூப்பர் இணைகளின் அலையே பட்டையோடு சேர்ந்து கூட்டல், கழித்தல் என்று குறி மாறி மாறி ஓடினால், தளத்துக்கும் தளத்துக்கும் இடையிலான பிணைப்பு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். 2007இலேயே முன்வைத்த விளக்கம் இது. தளத்துக்குள் மீக்கடத்தல் உயிரோடு இருக்கிறது. அளவீட்டு வரைபடத்தில் ஒரே ஒரு வரைகோட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

சுழிக்கெல்வின்:
அந்த வரைகோட்டை வரைந்தது இயற்கை. உங்கள் குறி மாறும் அலை லாந்தனத்துக்கான விளக்கம், யிட்ரியத்தில் 17 டெஸ்லா கொடுத்தால் அலை ஏன் வலுக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி பதில் உண்டா? 67இல் இறங்குகிறது.

கோட்பாட்டு மாணவி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பட்டைக்காரன்:
மறையவில்லை என்று எத்தனை முறை எழுதுவது?

சுழிக்கெல்வின்:
இறங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் வரை எழுதுங்கள். காந்தப்புலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.