புதுப்பிப்பு: வறண்டுபோன காலை ஜெபம், மூன்று மாதத்துக்குப் பிறகு

வேதாகமம் வாசிக்கிறேன், ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை என்று மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். ஒரே வருடத்தில் 1,189 அதிகாரங்களையும் முடிக்கும் அட்டவணை, தினமும் மூன்று நான்கு அதிகாரம், ஒரு டிக். ஜெபமும் மனப்பாடமாகிவிட்டிருந்தது.

முதலில் அந்த அட்டவணையை விட்டேன். அப்போது பலர் சொன்னபடி, வேதாகமத்தில் ஜெபப் பாடல்களாக உள்ள சங்கீதங்களில் 119-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி. சத்தமாக வாசித்துவிட்டு நோட்டில் கையால் எழுதினேன். எழுதும்போது அவசரப்பட முடியாது. பல வருடம் தாண்டிப்போன வார்த்தைகள் அங்கேதான் நிறுத்தின. நடுவில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் விட்டுப்போயிற்று. சரி, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன்.

அப்புறம் 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று அதைப் பாடிய தாவீது ராஜா தேவனிடம் நான்கு முறை கேட்கிறான். இப்படியும் ஜெபிக்கலாம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அப்பா இறந்ததைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறை ஆண்டவரிடம் மனம்விட்டுப் பேசினேன், அழுதேன்.

இன்னமும் சில காலைகள் வறட்சிதான். ஆனால் ஐந்து மணிக்கு எழுந்திருக்கப் பிடிக்கிறது. இப்போது அம்மாவும் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.