லோடிங்கில 8 மணித்தியாலம் போச்சு, வேலை நாளுக்குரிய 14 மணித்தியாலமும் முடிஞ்சுது, "பிசி போட்டுக்கொண்டு வா" எண்டு டிஸ்பாச்சர் சொல்லுறார்

ஸ்காபரோ_புதுசு:
வணக்கம் அண்ணாமார். நான் ஏஇசட் லைசன்ஸ் (ட்ரெய்லர் இழுக்கிற பெரிய ட்ரக் லைசன்ஸ்) எடுத்து 7 மாசம்தான், ரொறன்ரோவில இருந்து அமெரிக்க மிட்வெஸ்ட் பக்கம் லோட் ஓடுறன். போன கிழமை நடந்ததைச் சொல்லுறன், நான் செய்தது பிழையோ எண்டு சொல்லுங்கோ. ரொலீடோவில 10 மணித்தியாலம் படுத்து எழும்பி காலமை 5 மணிக்கு ஸ்டார்ட் பண்ணினனான், 9 மணிக்கு இண்டியானாபொலிஸ் வெயார்ஹவுஸுக்குப் போயிட்டன், 9.30 அப்பொயின்ட்மென்ட். டோர் நம்பர் தந்து ட்ரெய்லரைப் பின்னுக்கு விடச் சொன்னவங்கள், அவ்வளவுதான், பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்ல. லோட் ஏத்தி பேப்பர் கையில தரேக்க பின்னேரம் 5.30. அவ்வளவு நேரமும் நான் சீட்டில இருந்து போனைப் பார்த்துக்கொண்டு ஓன் டியூட்டியில, அதாவது வேலை நேரமெண்டு பதிஞ்சுதான் இருந்தனான். ஐ-69 ஹைவே ஏறி ஒண்டரை மணித்தியாலம் ஓட 7 மணி, 14 முடிஞ்சுது (அமெரிக்கச் சட்டப்படி வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள்ளதான் ஓடலாம், அதுக்குள்ள ஓட்டம் 11 மணித்தியாலம் மட்டும்தான்). ஓடினது மொத்தம் அஞ்சரை மணித்தியாலம்தான், 11ல பாதி அப்பிடியே கிடக்கு!

ட்ரக் ஸ்டொப்புக்குள்ள போனால் ஒரு இடமும் இல்லை. டிஸ்பாச்சருக்கு (கம்பனியில லோட் குடுத்து அனுப்புறவர்) அடிச்சன், "பிசி போட்டுக்கொண்டு போர்ட் ஹுரோன் மட்டும் வா, எல்லாரும் செய்யிறதுதான்" எண்டார். பிசி எண்டால் பேர்சனல் கொன்வேயன்ஸ், ட்ரக்கைச் சொந்தப் பயணத்துக்கு ஓடுறன் எண்டு லொக்கில (வேலை நேரப் பதிவில) போடுறது, அந்த ஓட்டம் மணித்தியாலக் கணக்கில வராது. போர்ட் ஹுரோன் போர்டர் இன்னும் 200 மைலுக்கு மேல. நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு அடுத்த எக்ஸிட்டில ஒரு சின்ன காஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால கேட்டு நிப்பாட்டினன், அதுக்கே 12 நிமிஷம் வயலேஷன் (சட்டமீறல்) விழுந்துட்டுது, "பார்க்கிங் இல்லை" எண்டு லொக்கில எழுதிவிட்டன். இப்ப நாலு நாளா எனக்கு சின்னச் சின்ன லோட்தான் வருது. வீட்டில மோர்ட்கேஜ் இருக்கு, மைலுக்குத்தான் சம்பளம். மற்றவை இதை எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?

401_பழசு:
தம்பி, நீர் செய்தது சரி. முதல்ல அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன்.

பிசி எண்டது உம்மட சொந்தப் பயணத்துக்கு. 2018ல அமெரிக்காவில விளக்கம் மாத்தினவங்கள், லோட் இருந்தாலும் பிசி போடலாம், ஷிப்பரிட்ட (லோட் ஏத்தி அனுப்புற இடத்தில) மணித்தியாலம் முடிஞ்சு போச்சுதெண்டால் அங்கயிருந்து கிட்ட இருக்கிற பாதுகாப்பான இடத்துக்குப் போய்ப் படுக்கலாம், ஆனால் லோடை முன்னுக்குக் கொண்டுபோறதுக்குப் போடக்கூடாது. 200 மைல் வீட்டுப் பக்கமா ஓடிப்போட்டு பிசி எண்டால் எந்த ஒஃபிசரும் ஒரு நிமிஷத்தில பிடிப்பான், டீசல் ரசீதில நேரம் இருக்கு, பில் ஒஃப் லேடிங்கில (லோட் பேப்பரில) நேரம் இருக்கு, போர்டரில நேரம் இருக்கு. இஞ்ச கனடாவில இன்னும் இறுக்கம், ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்தான், லோட் இருக்கக்கூடாது, ட்ரெய்லரைக் கழட்டியிருக்க வேணும்.

இப்ப உமக்கு ஒருத்தரும் சொல்லித் தராத விசயம். அந்த எட்டரை மணித்தியாலத்தை நீர் வீணாக்கிப்போட்டீர். 2020 செப்டெம்பர் 29க்குப் பிறகு ஸ்லீப்பர் ஸ்பிளிட் (10 மணித்தியால ஓய்வை ரெண்டாப் பிரிச்சு எடுக்கிறது) லேசாக்கியிருக்கினம், ட்ரக்குக்குள்ள பின்னால இருக்கிற படுக்கையில குறைஞ்சது 7 மணித்தியாலம், இன்னொருக்கா குறைஞ்சது 2 மணித்தியாலம், ரெண்டும் சேர்ந்து 10 வந்தால் அந்த ரெண்டு நேரமும் 14ல கணக்கில்லை. 9.15க்கு ட்ரக்கை டொக்கில விட்டிட்டு ஸ்லீப்பர் பேர்த் போட்டு உண்மையாப் படுத்திருந்தால் 5.15க்கு 8 மணித்தியாலம் முடிஞ்சிருக்கும். காலமை போனது 4 மணித்தியாலம்தான், அப்ப ஓடுறதுக்கு 7 மணித்தியாலம் கிட்ட மிச்சம், 14ல 10 மணித்தியாலம் கிட்ட மிச்சம். ஒரு பொய்யும் இல்லாமல் போர்ட் ஹுரோன் வந்து, பாலத்துக்கு அமெரிக்கப் பக்கமே 2 மணித்தியாலம் ஓய்வெடுத்து ஸ்பிளிட்டை முடிச்சுப்போட்டு கனடாவுக்கு வாற புளூ வாட்டர் பாலம் ஏறியிருக்கலாம்.

ஆனால் ஒண்டு. லோடிங்குக்கு நீர் பொறுப்பில்லை, போய்ப் படுக்கலாம் எண்டு விட்டிருந்தால்தான் இது சரிவரும். நிண்டு பெட்டி எண்ணச் சொன்னால் அது ஓன் டியூட்டிதான். நடுவில வந்து கதவைத் தட்டி "டோர் மாத்து" எண்டால் அந்த 7 மணித்தியாலம் உடைஞ்சுபோகும், யார்ட் மூவ் (வளவுக்குள்ள நகர்த்துறது) போட்டாலும் அது ஓன் டியூட்டி. அதால நான் செக்-இன் பண்ணேக்கயே கேட்டுப்போடுவன், எவ்வளவு நேரமாகும், என்னை எழுப்புவியளோ எண்டு. அனேகமா உண்மையைச் சொல்லுவாங்கள்.

சேஃப்டி_அக்கா:
நான் ஒரு கம்பனியில லொக் பார்க்கிற வேலைதான் செய்யிறன், ஒஃபிஸ் பக்கம் இருந்து சொல்லுறன். அந்த 12 நிமிஷத்துக்குக் காரணம் எழுதினது நல்லது. வயலேஷன் வயலேஷன்தான், அழியாது, ஆனால் ஒரு ஆள் உண்மையை எழுதியிருக்கிறார் எண்டு பார்க்கிறவனுக்குத் தெரியும். பொய் லொக் எண்டு பிடிபட்டால் அது வேற கதை, ரோட்டிலயே நிப்பாட்டிப்போடுவாங்கள், கம்பனியின்ர ரெக்கோட்டிலயும் ஏறும், உங்கட ரெக்கோட்டிலயும் ஏறும், நாளைக்கு வேற கம்பனிக்குப் போகேக்க டிஸ்பாச்சரிட்ட இல்லை, உங்களிட்டத்தான் கேட்பாங்கள்.

ஒஃபிஸில இருந்து லொக் எடிட் அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு அக்செப்ட் அமத்தாதேங்கோ. நாங்கள் கேட்கத்தான் முடியும், ஓம் எண்டு சொல்லிச் சைன் வைக்கிறது நீங்கள். முதல் இருந்த ரெக்கோட் உள்ளுக்க அப்பிடியே கிடக்கும், ஈஎல்டி (ட்ரக்கில இருக்கிற லொக் மெஷின்) தானாப் பதிஞ்ச ட்ரைவிங் நேரத்தை ஒருத்தரும் குறைக்கேலாது. முந்தி பேப்பர் லொக் காலத்தில ரெண்டு புத்தகம் வைச்சிருந்த ஆக்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில 2017 டிசம்பரிலயும் இஞ்ச 2021 ஜூனிலயும் ஈஎல்டி சட்டம் வந்தாப்பிறகு அந்தக் கதை முடிஞ்சுது, கனடாவில அபராதம் 2023 ஜனவரியில இருந்து.

அமெரிக்காவில கோர்ஷன் ரூல் எண்டு 2016ல இருந்து ஒண்டு இருக்கு. சட்டத்தை உடைச்சு ஓடு எண்டு கம்பனியோ ஷிப்பரோ ப்ரோக்கரோ வெருட்டினால் 90 நாளுக்குள்ள எஃப்எம்சிஎஸ்ஏயிட்ட (ட்ரக் பாதுகாப்பைப் பார்க்கிற அமெரிக்க அரச நிறுவனம்) முறையிடலாம். ஆனால் "இப்பிடி ஓடினால் வயலேஷன், என்னால ஏலாது" எண்டு நீங்கள் முதல்ல சொல்லியிருக்க வேணும். அதால போனில கதைச்சு முடிச்சிடாதேங்கோ, உடன ஒரு மெசேஜா எழுதி அனுப்புங்கோ. உங்களுக்கு லோட் குறைச்சதையும் தேதியோட குறிச்சு வையுங்கோ. டொக்கில போன நேரம் வந்த நேரம் பேப்பரில எழுதி அவங்களிட்டச் சைன் வாங்குங்கோ, அது இல்லாமல் டிடென்ஷன் (காக்க வைச்சதுக்கான) காசு கேட்கேலாது. நிறைய இடத்தில முதல் 2 மணித்தியாலம் சும்மா, பிறகுதான் கணக்கு. அந்தக் காசில உங்களுக்கு எவ்வளவு வருது எண்டு கம்பனியிட்டக் கட்டாயம் கேளுங்கோ.

நாமக்கல்_டு_பிராம்ப்டன்:
தம்பி நான் நாமக்கல்ல 9 வருஷம் லாரி ஓட்டிட்டு இங்க வந்தவன். அங்க சட்டத்துல 8 மணி நேரம், லாங் போனா 10ன்னு 1961லயே எழுதி வச்சிருந்தாங்க, ஆனா வண்டில அதை எண்ண ஒரு மெஷினும் கிடையாது, ஓனர் சொன்ன நேரத்துக்கு லோடு போய் நிக்கணும், ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு கண்ணு திறந்தே இருக்கும் ஆனா ரோடு தெரியாது. என் கூட ஓட்டின ஒருத்தர் அப்படித்தான் நின்ன வண்டில போய் அடிச்சார், பொழைக்கல. அதனால எனக்கு இந்த ஈஎல்டி மேல கோவமே வந்ததில்ல. முடியாதுன்னு நான் வாய் திறந்து சொல்றதுக்கு முன்னாடி அது சொல்லிடுது.

கஷ்டம் பார்க்கிங்தான். சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல பெரிய ஹைவே ட்ரக் ஸ்டாப்ல இடம் கிடைக்கும்னு நம்பி ஓட்டாதீங்க. நான் முடிஞ்ச வரைக்கும் வேலை நேரத்தையே முன்னாடி தள்ளிடுவேன், விடியக்காலம் 2 மணிக்கு ஸ்டார்ட், மத்தியானம் 3 மணிக்குள்ள நிறுத்திடுவேன், அப்ப எல்லா இடமும் காலியாத்தான் இருக்கும். ஒரு இடத்தை மட்டும் மனசுல வைக்காம மூணு இடம் எழுதி வச்சுக்கங்க, மூணாவது வால்மார்ட்டா இருந்தா முன்கூட்டியே போன் பண்ணி விடுவாங்களான்னு கேட்டுக்கங்க, எல்லா கடையிலயும் விடறதில்ல. இன்னொண்ணு, கிளம்பறப்ப தெரியாத பனியோ ஆக்சிடென்ட்ல ரோடு அடைப்போ வந்தா அமெரிக்கால 2 மணி நேரம் கூடுதலா ஓட்டக் கிடைக்கும், டெய்லி இருக்கற ட்ராஃபிக்குக்கு அதைப் போட்டுடாதீங்க.

ஸ்காபரோ_புதுசு:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பிளிட் பற்றி ட்ரெய்னிங்கில ஒரு வரிதான் சொன்னவங்கள், 8.5 மணித்தியாலம் சீட்டில இருந்தது நினைக்க வயிறு எரியுது. அக்கா சொன்ன மாதிரி அண்டைக்கு நடந்ததை எழுதி டிஸ்பாச்சருக்கு இப்பத்தான் மெசேஜ் போட்டன், பதில் இல்லை. ஒரு கேள்வி, நாளைக்கு ஓஹயோவில பின்னேர அப்பொயின்ட்மென்ட், காசு கட்டி ரிசேர்வ் பண்ணுற பார்க்கிங் ஒண்டு கிட்ட இருக்கு. அந்தக் காசு ஆர் குடுக்கிறது?

401_பழசு:
முதல்ல கம்பனியிட்டக் கேளும், சில கம்பனி குடுக்கும். இல்லையெண்டாலும் நாளைக்கு நீரே கட்டிப் போட்டுப் படும், ரசீதை வைச்சிரும். பின்னேர அப்பொயின்ட்மென்ட் எண்டால் வெளிய வரேக்க ஒரு இடமும் இருக்காது.