புறா எச்சமும் பெரியக்காவின் இருமலும்

கவிதா: அம்மாவின் ஸ்கேன் பார்த்தாயிற்று. ஆஸ்துமா இல்லையாம். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். புறா எச்சத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் புண்ணாகியிருக்கிறது. கொஞ்சம் தழும்பும் விழுந்துவிட்டது. அது ஆறாது, மேலே பரவாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

சுந்தர் மாமா: அக்கா எப்போது புறா வளர்த்தாள்?

கவிதா: வளர்க்கவே வேண்டாம் மாமா. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கூடு. சமையலறையை ஒட்டிக் காற்றுக்காக விட்டிருக்கும் ஷாஃப்ட் இடுக்கு முழுக்க எச்சம். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினால் அந்தக் காற்றுதான் உள்ளே வருகிறது.

மீனா சித்தி: வலை அடிக்கலாமே?

கவிதா: பால்கனிக்கு அடித்தாயிற்று சித்தி. ஷாஃப்ட் பொது இடம், அசோசியேஷன் ஒத்துக்கொள்ள வேண்டும். எதிர் பிளாக் மொட்டை மாடியில் ஒருவர் தினமும் கம்பு இறைக்கிறார். கேட்டால் வாயில்லா ஜீவன், புண்ணியம் என்கிறார்.

தினேஷ்: இங்கே மும்பையில் இதே சண்டை கோர்ட் வரை போனது. 2025-ல் தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூத்தர்கானாவையே தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

மீனா சித்தி: சனிக்கிழமை வருகிறேன். நானும் அக்காவும் சுரண்டிக் கழுவிவிடுகிறோம்.

கவிதா: ஐயோ, அம்மா பக்கத்திலேயே வரக் கூடாது! காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூள் பறக்கும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வேறு யாராவது எடுக்க வேண்டும். புறா போனாலும் வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் மிச்சம் இருக்குமாம்.

சுந்தர் மாமா: ஏர் ப்யூரிஃபையர் நான் வாங்கித் தருகிறேன்.

கவிதா: வாங்கலாம் மாமா, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்றார் டாக்டர். ஸ்டீராய்டும் அப்படித்தான். தூசி தினமும் உள்ளே போனால் மாத்திரை என்ன செய்யும்?

அம்மா: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன் 😄 போன மாதம் தம்பி வீட்டில் இருந்தபோது இருமல் பாதியாகக் குறைந்தது. திரும்பி வந்த அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது.

சுந்தர் மாமா: அப்புறம் என்ன அக்கா, ஊருக்கே வந்துவிடு.

கவிதா: மாமா, உங்கள் ஏர் கூலரில் பழைய தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறதே? 2017-ல் வெளியான இந்திய ஆய்வில் இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கூலர் காற்றில் இருந்தவர்கள். பூஞ்சையும் ஆகாது. கோழிக் கூண்டு வேறு!

சுந்தர் மாமா: கூலரை நாளைக்கே கழற்றிவிடுகிறேன். கோழி உன் அத்தையின் இலாகா.

அம்மா: கோழியைத் துரத்திவிட்டு அவள் கையால் சாப்பிட முடியுமா?

கவிதா: ஞாயிறு அசோசியேஷன் கூட்டம். ஸ்கேன் ரிப்போர்ட்டைச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். மாமா, நீங்களும் வாருங்கள்; பெரியவர் சொன்னால் கேட்பார்கள்.