ரீகாஸ்ட்: மறுவார்ப்பு, கள்ளவார்ப்பு, போலி மூணும் ஏன் சரிப்படலை

எல்லாருக்கும் வணக்கம்,

ரீகாஸ்ட்ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ்ல என்ன கலைச்சொல் வைக்கலாம்னு கேட்ட இந்த இழை ஓடுற வேகத்துக்கு நடுவுல புகுறதே கஷ்டமா இருக்கு. ஐயா மறுவார்ப்புன்னு ஆரம்பிச்சு வெச்சாங்க, அக்கா அது ரொம்ப சாதுவா இருக்கு கள்ளவார்ப்புன்னே போடுங்கன்னு சொன்னாங்க, கடைசியா தம்பி ஒருத்தர் எதுக்கு இவ்ளோ பாடு, போலின்னு சொல்லிட்டுப் போலாமேன்னு கேட்டிருக்கார். எனக்கு மூணுமே ஒத்து வரலை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

இந்த விஷயம் புதுசா இருக்கிறவங்களுக்காக: படத்துல வந்த ஹெல்மெட், துப்பாக்கி, வாள் பிடி மாதிரி சாமான்களை (கோடம்பாக்கத்துல ப்ராப்பர்ட்டின்னு சொல்றது) அப்படியே திரும்பச் செஞ்சு சேகரிக்கிற கூட்டம் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் ரொம்ப நாளா இருக்கு. அதுல ஒருத்தர் மாசக்கணக்கா படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, களிமண்ல உருவம் பிடிச்சு, அது மேல சிலிக்கான் ஊத்தி அச்செடுத்து, பாலியூரித்தேன் ரெசின் வார்த்து தெரிஞ்சவங்களுக்கு விக்கிறார்னு வைங்க. வாங்கினவங்கள்ல ஒருத்தர் அந்த வார்ப்பு மேலயே சிலிக்கானை ஊத்தி இன்னொரு அச்சு எடுத்து பாதி விலைக்கு இபேல போட்டுடுறார். ரெண்டாவது ஆள் பண்றதுக்குத் தான் ரீகாஸ்ட்னு பேரு, அந்தக் கூட்டத்துல ஒருத்தரை ரீகாஸ்டர்னு சொல்லிட்டா அதுக்கு மேல வசவு கிடையாது.

> போலின்னு சொன்னா எல்லாருக்கும் புரியுமே

புரியும், தப்பா புரியும். போலின்னா இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்லி விக்கிறது. பிரதி செய்யிறவர் இது படத்துல வந்ததுன்னு சொல்லவே இல்லை, ரீகாஸ்ட் பண்றவரும் பல நேரம் சொல்றதில்லை. அசல்னு சொல்லிக்கிற பொருள்ல வர்ற சண்டை தனி ரகம். 1941ல வந்த மால்டீஸ் ஃபால்கன் படத்தோட ஈயப் பறவை 2013 நவம்பர்ல போன்ஹாம்ஸ் ஏலத்துல 40 லட்சம் டாலருக்கு மேல போச்சு, ஆனா அந்தப் படத்தோட அசல் நான்தான்னு வேற வேற பறவைங்க பிளாஸ்டர்லயும் கிளம்பி வந்து, எது கேமரா முன்னாடி நின்னுச்சுன்னு வாதாடிக்கிட்டே இருக்காங்க. அங்க கேள்வி திரையில வந்ததா வரலையான்னு.

அதுக்கு விடை தேடுற முறையே வேற. மரச்சாமான்னா ரேகை, உலோகம்னா கீறல், பெயின்ட்னா வழிஞ்ச சொட்டு, இதெல்லாம் புளூரே சட்டகத்தோட ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. (ஸ்கிரீன் மேட்சுக்கு திரைப்பொருத்தம்னு முன்னாடியே ஒருத்தர் போட்டிருந்தார், அது அருமை, ஜாதகம் மாதிரி பத்துப் பொருத்தமும் பார்க்கத் தான் செய்றாங்க.) 1939ல வந்த தி விஸார்ட் ஆஃப் ஓஸ் படத்துல ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புக் காலணி கதை தெரிஞ்சிருக்கும். மினசோட்டா மாநிலம் கிராண்ட் ரேபிட்ஸ் ஊர் மியூசியத்துல இருந்து 2005ல ஒரு ஜோடி திருடு போச்சு, 2018ல எஃப்பிஐ மீட்டு, சரிபார்க்க வாஷிங்டன்ல இருக்கிற ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குக் கொண்டு போனாங்க. அங்க இருந்த ஜோடியோட வெச்சுப் பார்த்தா ரெண்டு ஜோடியும் மாறிக் கலந்திருக்கு, இங்க இருக்கிற இடதுக்கு அங்க இருக்கிற வலது தான் ஜோடி! அவ்ளோ பேர் அவ்ளோ வருஷம் பார்த்த காலணி. மீட்ட ஜோடி 2024 டிசம்பர்ல ஏலத்துல கட்டணத்தோட சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போச்சு. அந்த மாதிரி பொருளுக்கு ஒருத்தன் அச்சடிச்ச சான்றிதழ் மட்டும் காட்டினா பத்தாது, வீட்டு மனைக்கு வில்லங்கம் பார்க்கிற மாதிரி ஸ்டுடியோ கிடங்குல இருந்து யார் கை மாறி யார் கைக்கு வந்துச்சுன்னு பார்த்தாகணும். போலிங்கிற சொல்லை இந்த இடத்துக்கு விட்டு வெச்சிடுவோம். ரீகாஸ்டை அசல்னு சொல்லி வித்தா அது ரீகாஸ்டும் ஆச்சு, போலியும் ஆச்சு, ரெண்டு குத்தம்.

> மறுவார்ப்பு: எளிமை, நேரடி, வேற என்ன வேணும்

ஐயா மன்னிக்கணும், எளிமை தான், ஆனா அளவுக்கு மேல இடம் குடுக்குது. பழைய பித்தளையை உருக்கித் திரும்ப வார்க்கிறதும் மறுவார்ப்பு. முதல் ஆளே தன்னோட அச்சுல அஞ்சு வருஷம் கழிச்சு இன்னும் பத்து வார்த்தார்னா அதுவும் மறுவார்ப்பு, அதை யாரும் திட்ட மாட்டாங்க. இங்கிலீஷ் சொல்லுக்கே நடிகரை மாத்துறதுன்னு இன்னொரு பொருள் இருக்கிறதால, எந்திர மொழிபெயர்ப்புல ஒரு கட்டுரையைப் போட்டுப் பார்த்தேன், ஹெல்மெட்டுக்கு வேற நடிகர் தேடிக்கிட்டு இருந்துச்சு.

இதைவிடப் பெரிய சிக்கல் வார்ப்புங்கிற பகுதியிலயே இருக்கு. வார்க்கிறதுன்னா ஊத்துறது. ஆனா இந்த உலகத்துல அதிகமா சண்டை நடந்த பொருள் எதுன்னு கேட்டா ஸ்டார் வார்ஸ் படத்துல வெள்ளைக் கவசம் போட்டு வர்ற ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்ங்களோட ஹெல்மெட்னு சொல்லலாம், அதை யாரும் ஊத்தவே இல்லை. பிளாஸ்டிக் தகட்டை சூடு பண்ணி இளக்கி, ஒரு கரு (உருவம் செதுக்கின உள் அச்சு) மேல போர்த்தி, காத்தை உறிஞ்சி ஒட்ட வெச்ச வேலை. அதுல படியெடுக்கிற விதமும் தலைகீழ். ரெசின் வார்ப்புல இருந்து வார்ப்பு எடுத்தா சுருங்கும்: பாலியூரித்தேன் கொஞ்சமா, பாலியஸ்டர் நல்லாவே, தகரம் சேர்த்து இறுகுற சிலிக்கான் அச்சும் நாளாக ஆகச் சுருங்கும், பிளாட்டினம் வகை அவ்வளவா சுருங்காது. 30 சென்டிமீட்டர் ஹெல்மெட்ல அரை சதவீதம்னா ஒண்ணரை மில்லிமீட்டர், வெர்னியர் அளவுகோல் வெச்சாலே மாட்டிக்கும். ஆனா தகட்டு வேலையில, வெளிப்பக்கத்தைப் பார்த்து அச்செடுத்து மறுபடியும் அது மேல தகடு போர்த்தினா தகட்டோட கனம் ஏறும், பொருள் பெருக்கும், மூலையெல்லாம் மழுங்கிப் போகும். விவரம் தெரிஞ்ச ஆள் ஹெல்மெட்டைக் கவுத்து வெச்சு உள்பக்கம் பிளாஸ்டரை ஊத்துவான், ஏன்னா கருவைத் தொட்டது உள்பக்கம் தானே. இதை எல்லாம் மறுவார்ப்புன்னு ஒரே கூடையில போட்டா கலைச்சொல்லே வேணாம், ரீகாஸ்ட்னே எழுதிட்டுப் போலாம்.

> திருட்டு விசிடின்னு சொன்னோம்ல, அதே மாதிரி கள்ளவார்ப்பு

அக்கா சொல்றதுல இருக்கிற கோவம் நியாயமான கோவம். அடுத்தவன் உழைப்பைச் சுரண்டுறது தான் அது. ஆனா கள்ளம்ங்கிறது தீர்ப்பு, செய்முறைக்குப் பேரா வெச்சா பேரைச் சொன்னதுமே கேஸ் முடிஞ்சிடுது. அதே ஸ்டார்ம்ட்ரூப்பர் வழக்கையே எடுத்துக்கோங்க. 1976ல லண்டன் பக்கம் ட்விக்கன்ஹாம்ல தகட்டு வேலை பண்ணி அந்த ஹெல்மெட்டுங்களைச் செஞ்சு குடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். 2004ல அவரே திரும்பவும் செஞ்சு இன்டர்நெட்ல விக்க ஆரம்பிச்சார், ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனி கலிஃபோர்னியாவுல வழக்குப் போட்டு 2006ல 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கிடுச்சு, அவர் அமெரிக்காவுல வித்ததே அதிகபட்சம் 30,000 டாலருக்குள்ள தான். அந்தத் தீர்ப்பு இங்கிலாந்துல செல்லலை. அங்க தனியா நடந்த வழக்கு 2011 ஜூலையில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஹெல்மெட் சிற்பம் இல்லை, படம் எடுக்கிற வேலைக்குப் பயன்பட்ட சாமான், அதனால சிற்பத்துக்கு உண்டான பதிப்புரிமை அதுக்கு இல்லைன்னு சொன்னாங்க. கூடவே, அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினதுக்கு இங்கிலாந்து கோர்ட்லயே விசாரிக்கலாம்னும் சொல்லிட்டாங்க. ஆக ஒரே ஹெல்மெட், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கள்ளம், இந்தப் பக்கம் வியாபாரம். நம்ம அகராதி எந்தக் கரையில உக்காந்து எழுதுறது?

இன்னொண்ணு சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா சொல்லியாகணும். என் வேலையை ரீகாஸ்ட் பண்ணிட்டான்னு கத்துறவர்ல பெரும்பாலானவங்க ஸ்டுடியோகிட்ட உரிமை வாங்கினவங்க இல்லை. அவங்க சொல்றது என்னன்னா நான் கண்ணால பார்த்து கையால செஞ்சேன், அவன் சிலிக்கான் டப்பாவை மட்டும் திறந்தான்னு. எனக்கு அந்த வாதம் பிடிக்கும், உழைப்புக்கு மரியாதைங்கிற அளவுல சரி. ஆனா அது அந்தக் கூட்டத்தோட நெறி, சட்டம் இல்லை.

சரி, ஸ்டுடியோவே பண்ணா? படப்பிடிப்புல கிட்டக்காட்சிக்கு ஒரு நல்ல துப்பாக்கி இருக்கும், ஹீரோன்னு சொல்வாங்க, அதுல அச்செடுத்து ரப்பர்லயோ ரெசின்லயோ நாலு டம்மி வார்த்து சண்டைக்காட்சிக்குக் குடுத்துடுவாங்க. செய்முறையைப் பார்த்தா இதுவும் ரீகாஸ்ட் தான், திருட்டு எங்க இருக்கு? பிளேட் ரன்னர் படத்துத் துப்பாக்கி கதை முழுக்க இதுல தான் சிக்கிக் கிடந்துச்சு. ஸ்டெயர் மன்லிக்கர் ரைஃபிள் பாகத்தையும் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் சேர்த்துக் கட்டின அசல், 2006ல அனஹைம்ல நடந்த வேர்ல்ட்கான் அறிவியல் புனைகதை மாநாட்டுல காட்சிக்கு வந்துச்சு, 2009ல 2,70,000 டாலருக்கு ஏலம் போச்சு. அதுக்கு முன்னாடி செஞ்ச பிரதிங்க படச் சட்டகத்தைப் பார்த்தும், அந்த டம்மி வார்ப்புங்களைப் பார்த்தும் செஞ்சது தான். டம்மியில மழுங்கின இடம் பிரதியிலயும் மழுங்கி இருந்துச்சு, அசல் வந்ததும் எல்லாரும் திரும்பவும் முதல்ல இருந்து அளந்தாங்க.

இந்த மழுங்கின இடம் எப்படிக் கடந்து வருதுங்கிறது தான் எனக்கு ஒரு வழி காட்டுச்சு. ரீகாஸ்டைக் கண்டுபிடிக்கிறது ஒத்துமையை வெச்சு இல்லை, ஏன்னா எல்லாரும் ஒரே ஹெல்மெட்டைத் தானே செய்றாங்க, ஒத்துமை இருக்கத் தான் செய்யும். பிழையை வெச்சு. முதல் ஆள் களிமண்ல தெரியாம விட்ட ஒரு நகக்கீறல், காத்துக்குமிழ் வெடிச்ச பள்ளம், அவரே வேணும்னு அடியில மறைச்சு வெச்ச ஒரு புள்ளி, இதெல்லாம் படத்துல வந்த பொருள்ல கிடையாது, ஆனா ரெண்டாவது ஆள் பொருள்ல இருக்குன்னா கதை முடிஞ்சது. ஏட்டுச்சுவடி பதிப்பிச்சவங்க பண்ணின வேலையே இது. ரெண்டு ஏட்டுல ஒரே இடத்துல ஒரே எழுத்துப்பிழை இருந்தா ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதினதுன்னு, இல்லை ரெண்டும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதினதுன்னு முடிவு பண்ணுவாங்க. அதுக்கு வேண்டிய சொல்லெல்லாம் நம்மகிட்ட ரெடியா இருக்கு: மூலப்பிரதி, பிரதி. தொல்காப்பிய மரபியல்ல முதல்நூல், வழிநூல்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. வழின்னா இன்னொண்ணு வழியா வந்ததுன்னு மட்டும் தான், திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

அதனால நான் வெக்கிறது வழிப்பிரதி.

முதல்ல வழிவார்ப்புன்னு தான் எழுதினேன், தகட்டு வேலை இடிச்சுது. வழியச்சுன்னு மாத்தினேன், ரெண்டுக்கும் அச்சு பொதுவாச்சேன்னு. ஆனா இப்ப லேசர் ஸ்கேன் பண்ணி 3டி பிரிண்டர்ல இறக்கிடுறாங்க, சிலிக்கானும் இல்லை, அச்சும் இல்லை, அடுத்தவன் உருவம் மட்டும் அப்படியே வருது. வழிப்பிரதின்னா மூணையும் பிடிச்சுக்கும். வார்ப்புல எடுத்ததை மட்டும் குறிக்கணும்னா வழிவார்ப்புன்னு உட்பிரிவா வெச்சுக்கலாம். எத்தனாவது தலைமுறைன்னு சொல்ல இரண்டாம் வழிப்பிரதி, மூன்றாம் வழிப்பிரதி. யார் அச்சுல இருந்து யார் எடுத்தாங்கங்கிற வரலாறுக்கு லினியேஜ்னு சொல்றாங்களே, அதுக்குக் கொடிவழி இருக்கு, வம்சத்துக்குச் சொல்றது தான், கச்சிதமா உக்காருது. அனுமதி இல்லாம எடுத்திருந்தா அக்கா சொன்ன கள்ளத்தை முன்னாடி சேர்த்து கள்ள வழிப்பிரதின்னு திட்டலாம், ஆனா அப்ப திட்டுறவர் அனுமதி இல்லைங்கிறதை நிரூபிக்கணும், நகக்கீறலை மட்டும் காட்டினா வழிப்பிரதிங்கிறது வரைக்கும் தான் நிக்கும். இங்கிலீஷ்ல ஒரே சொல்லுல ரெண்டையும் அடைச்சதால தான் அவங்க சண்டை முடிய மாட்டேங்குதுன்னு நான் நினைக்கிறேன், ஒருத்தர் கீறலைக் காட்டிக்கிட்டே இருக்கார், இன்னொருத்தர் அனுமதி வாங்கினேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்.

ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடுறேன். ஸ்டார் வார்ஸ்ல வர்ற ஓபி-வான் பாத்திரத்தோட வாள் பிடி ரோல்ஸ்ராய்ஸ் டெர்வென்ட் எஞ்சின் குழாய், முதல் உலகப்போர்ல ரைஃபிள்ல மாட்டிச் சுட்ட எறிகுண்டு, குழாய்த் திருகுன்னு கிடைச்ச சாமானை வெச்சுக் கட்டினது, அதே படத்து லூக் பாத்திரத்தோட வாள் கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷோட பிடி. பழைய கிராஃப்ளெக்ஸ் ஒண்ணை வாங்கி அதுல அச்செடுத்து வார்த்தா அது எதுக்கு வழி? படப்பொருளுக்கா, கேமரா கம்பெனி சாமானுக்கா? என் கணக்குல அது வழிப்பிரதி இல்லை, ஏன்னா இன்னொரு பிரதியில இருந்து வரலை, நேர் பிரதி தான். ஒத்துக்காதவங்க எழுதுங்க.

பிரதி வடமொழியாச்சேன்னு இப்பவே ரெண்டு மூணு பேர் தட்டச்சு பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. படின்னு மாத்திப் பார்த்தேன், வழிப்படின்னு வருது, "அவர் சொன்ன வழிப்படி செஞ்சேன்"னு வாக்கியத்துல போய் விழுந்துடுது. வேற நல்லதா இருந்தா குடுங்க, எனக்குப் பிடிவாதம் ஒண்ணும் இல்லை, வழிங்கிறது மட்டும் உள்ள இருந்தா போதும். கலைச்சொல் பட்டியல்ல ஏத்துறதுக்கு ஐயாவுக்கு இப்படி எழுதி அனுப்புறேன்:

வழிப்பிரதி, பெயர்ச்சொல். திரைப்பொருளின் பிரதி ஒன்றிலிருந்து அச்செடுத்தோ அலகிட்டோ (ஸ்கேன் செய்தோ) உருவாக்கிய மற்றொரு பிரதி. அனுமதி உண்டா இல்லையா என்பதை இச்சொல் குறிக்காது.

ஹீரோவுக்கு நாயகப்பொருள்னு ஒருத்தர் போட்டிருந்தீங்க, அது வேணாம்ங்க, படத்து நாயகனோட பொருள்னு ஆயிடும். கிட்டக்காட்சிப் பொருள்னு வைங்க. டம்மி அப்படியே இருக்கட்டும், அதைத் தமிழ் இல்லைன்னு ஆர்ட் டைரக்டர்கிட்ட போய் யார் சொல்றது.