சமவாய்ப்பு மாதிரி இல்லாத உளவியல் ஆய்வு செல்லுமா?

நிலா: முதுகலை ஆய்வேட்டுக்கு 60 பேரிடம் நினைவாற்றல் சோதனை நடத்தப் போகிறேன். எல்லோரும் என் துறை மாணவர்கள்தான், அறிவிப்பு ஒட்டி வருகிறவர்களைச் சேர்க்கிறேன். சமவாய்ப்பு மாதிரி, அதாவது எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் போல ஆள் எடுப்பது, இல்லாவிட்டால் ஆய்வே செல்லாது என்கிறார் வழிகாட்டி. உண்மையா?

பரிதி: அவர் சொல்வது சரி. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் எழுதியது. அம்புமுனை உள்நோக்கியும் வெளிநோக்கியும் போட்ட இரண்டு சம நீளக் கோடுகள் நமக்கு ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் தெரியும் இல்லையா, முல்லர்-லயர் மாயை, அது ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவன வேட்டைச் சமூகத்தினரிடம் கிட்டத்தட்ட எடுபடவே இல்லை. கண் பார்ப்பதே இப்படி மாறும்போது, 60 மாணவர்களை வைத்து 'மனிதர்கள் இப்படித்தான்' என்று எப்படி எழுதுவது?

கயல்: பரிதி, இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது வேறு, வந்தவர்களை இரு குழுக்களாகச் சமவாய்ப்பில் பிரிப்பது வேறு. இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் நினைவிருக்குமா என்பது போன்ற காரண-விளைவுக் கேள்விக்கு இரண்டாவதுதான் உயிர். படித்தது நாளாக ஆக எவ்வளவு மறக்கிறது என்று காட்டும் மறதி வளைகோட்டை ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்டார், அதற்கு அவர் ஒருவரேதான் மாதிரி, பொருளில்லாத அசைகளைத் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்து அளந்தார். 2015இல் அதை மறுபடி செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய அதே வளைகோடுதான் வந்தது. அப்புறம், நிஜமான சமவாய்ப்பு மாதிரிக்கு முதலில் முழு மக்களின் பட்டியல் வேண்டும், அது எந்த மாணவர் கையில் இருக்கிறது?

பரிதி: பட்டியல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தானாக வருகிறவர்களை நம்பி இறங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனைக்கு நாளிதழ் விளம்பரம் மூலம்தான் ஆள் எடுத்தார்கள். 2007இல் கார்னஹான், மெக்ஃபார்லண்ட் என்ற ஆய்வாளர்கள் அதே போன்ற விளம்பரத்தை இரண்டு விதமாகப் போட்டார்கள், ஒன்றில் 'சிறை வாழ்க்கை' என்ற சொல் இருந்தது, இன்னொன்றில் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சொல்லைப் பார்த்து வந்தவர்களிடம் மூர்க்கம் கூடுதல், பிறர் துயரை உணர்வது குறைவு. ஆக, மாதிரியைப் பாதி தேர்ந்தெடுப்பது அறிவிப்பின் வாசகம்!

கயல்: இது நியாயமான அடி. இந்தச் சாய்வைக் குழு பிரித்துச் சரிசெய்ய முடியாது. நிலா, ஆய்வைக் கைவிட வேண்டாம். யார் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று முறையியல் பகுதியில் அப்படியே எழுதுங்கள், முடிவை அந்த வயது மாணவர்களுக்கு மேல் நீட்டாதீர்கள்.

நிலா: இப்போதுதான் உறைக்கிறது. என் அறிவிப்பில் 'உங்கள் நினைவாற்றலைச் சோதிக்க வாருங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, நினைவாற்றலில் நம்பிக்கை உள்ளவர்கள்தானே அதைப் பார்த்து வருவார்கள்? நாளைக்கே 'கற்றல் ஆய்வு, 40 நிமிடம்' என்று மாற்றி ஒட்டுகிறேன், முழு விவரத்தை வந்த பிறகு ஒப்புதல் படிவத்தில் சொல்லிவிடுகிறேன்.